தூர்வாரினால் சதுப்பு பிழைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீலகிரியில் ஒரு மலைச் சதுப்பைத் தூர்வாரி, ஆழப்படுத்தி, சுற்றிலும் கரை கட்டிப் புதுப்பிக்கும் வேலை நடப்பதாகத் தங்கள் நாளிதழில் செய்தி வந்திருந்தது. கோடையில் காட்டு விலங்குகளுக்கும் கீழே இருக்கும் ஊர்களுக்கும் தண்ணீர் கிடைக்கும் என்று ஓர் அதிகாரி சொன்னதாகவும் போட்டிருந்தீர்கள். படத்தில் ஒரு பொக்லைன், பக்கத்தில் டிப்பர் லாரி, லாரி நிறையக் கறுப்பு மண். படத்துக்குக் கீழே "அகற்றப்படும் வண்டல்" என்றிருந்தது. சதுப்பேதான் லாரியில் ஏறிவிட்டது, ஐயா. மிச்சம் இருப்பது அது கிடந்த குழி.

யார் மீதும் பழி போட இதை எழுதவில்லை. ஏரி, கண்மாய், ஊருணி என்று பார்த்துப் பழகிய நமக்குத் தூர்வாருவது நல்ல காரியம். வண்டல் ஏறிக் கொள்ளளவு குறைந்த ஏரியை வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிய வண்டலை வயலுக்கு அடித்தால் வயலுக்கும் நல்லது. நம் ஊரில் நீர்நிலையைக் காப்பாற்றுவது என்றாலே எல்லார் கைக்கும் முதலில் வருகிற வேலை அதுதான். அதே வேலையை, அதே மதிப்பீட்டுப் படிவத்தோடு மலைக்கு ஏற்றிக்கொண்டு வரும்போதுதான் விபரீதம் ஆரம்பிக்கிறது. மலைச் சதுப்பை மீட்க வேண்டுமானால் அங்கே ஏற்கெனவே வெட்டியதை மூட வேண்டும். புதிதாக வெட்டக் கூடாது.

நான் விஞ்ஞானி இல்லை. நில அளவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி உதகை, குந்தா வட்டங்களில் கழிந்தது. இப்போது, கெட்டுப்போன சதுப்புகளைச் சீர்செய்ய முயலும் சில இளைஞர்களுக்கு மட்டம் பார்த்துக் கொடுக்கிறேன். அந்த அளவில் கண்ணால் பார்த்ததும், கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதும் இதில் இருக்கின்றன.

தங்கள் செய்தியாளர் அடுத்த முறை மலைக்கு வந்தால், கெடாத சதுப்பு ஒன்றின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்க்கட்டும். அள்ளிய மண்ணைப் பிழிந்தால் பழுப்பு நிறத்தில் தண்ணீர் ஒழுகும். கையில் நிற்பது வடிகட்டியில் மிஞ்சிய தேயிலைத் தூள் போல் இருக்கும். விரித்துப் பார்த்தால் கோரையின் அடித்தாள், புல் வேர், இலை நரம்பு எல்லாம் பிரித்து அடையாளம் சொல்லலாம். இன்னும் ஆழத்தில் மண் துளைப்பானை இறக்கினால் நார் குறைந்து, கறுத்து, வழவழப்பாகிக்கொண்டே போகும். கடைசியில் துளைப்பானின் நுனியில் சாம்பல் நிறக் களிமண் ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் களிமண்ணுக்கு மேலே இருப்பது முழுக்கச் செடி, புல், கோரைதான். செத்தும் மக்கி முடியாமல் கிடப்பவை. இதைத்தான் பீட் மண் என்கிறார்கள். ஈரமாக இருக்கும்போது அதன் எடையில் 10-இல் 9 பங்கு தண்ணீர்.

அது அங்கே சேர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். புல்வெளிச் சரிவில் விழும் மழை மண்ணுக்குள் இறங்கி, மலை அடிவாரத்தில் ஊற்றாகக் கசிகிறது. அந்தக் கசிவு பள்ளத்தை வருடம் முழுக்க நனைத்தே வைத்திருப்பதால் மண்ணுக்குள் காற்றுப் புக இடமில்லை. காற்று இல்லாவிட்டால் மக்குவது மிக மெதுவாக நடக்கும். ஆக, ஒவ்வொரு வருடமும் சாகிற புல்லில் கொஞ்சம் மிஞ்சி அடுக்கடுக்காக ஏறுகிறது. உலகம் முழுக்க இத்தகைய நிலங்களில் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் ஏறினாலே நல்ல வளர்ச்சி என்கிறார்கள். ஒரு மீட்டர் ஏற 1,000 வருடம். பொக்லைன் ஒரு கை இறக்கி எடுத்தால் அத்தனையும் ஒரு நிமிடத்தில் லாரிக்குப் போய்விடும்.

நம் மலையில் இது இன்னும் பழையது. இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ராமன் சுகுமாரும் அவருடன் வேலை செய்தவர்களும் நீலகிரிப் பீட் மண்ணை அடுக்கடுக்காக எடுத்துக் கரிம ஐசோடோப்புகளை (எடை மட்டும் வேறுபடும் கரிம அணு வகைகளை) அளந்து, கடந்த 20,000 ஆண்டுகளில் பருவமழை எப்போது ஓங்கியது, எப்போது ஒடுங்கியது என்று 1993-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். மழை மிகுந்த காலத்துச் செடிகளும் வறண்ட காலத்துப் புற்களும் காற்றிலிருந்து கரிமத்தை எடுக்கும் முறை வேறு வேறு. அந்த வேறுபாடு மண்ணில் அப்படியே தங்கியிருக்கிறது. பிறகு உதகைக்குப் பக்கத்திலுள்ள சாண்டிநல்லாவின் பீட்டிலிருந்து அந்தக் கணக்கை 40,000 ஆண்டு வரை பின்னால் கொண்டுபோனார்கள். தென்னிந்தியப் பருவமழைக்கு இவ்வளவு பழைய பதிவேடு வேறு எத்தனை இடத்தில் இருக்கும்? வருவாய்த் துறையில் இருந்தவனுக்குப் பதிவேட்டை லாரியில் ஏற்றுவதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும்.

காய்கறி போடுவதற்காகச் சதுப்பில் வடிகால் வெட்டுவது எங்கள் பக்கம் புதிதல்ல. நடுவில் ஒரு தாய் வாய்க்கால், இருபுறமும் மீன் முள் மாதிரி கிளை வாய்க்கால்கள். இரண்டு மூன்று அடி ஆழம் இருந்தால் போதும், தண்ணீர் இறங்கிவிடும். முதல் சில வருடம் கேரட்டும் உருளையும் அமோகமாக வரும். ஆயிரக்கணக்கான வருடம் சேர்ந்த சத்து திடீரென்று திறந்துவிடப்படுகிறது அல்லவா. அதற்குப் பிறகுதான் நிலம் இறங்க ஆரம்பிக்கும்.

இதை நான் எங்கள் துறைக் கற்களை வைத்துத்தான் கண்டுகொண்டேன். குந்தா வட்டத்தில் அப்படி வடித்த ஒரு சதுப்பின் விளிம்பில் பழைய எல்லைக் கல் ஒன்று உண்டு. விளிம்பில் பீட் ஆழம் குறைவு. கல்லின் அடி கீழே களிமண்ணில் உட்கார்ந்திருக்கிறது. தலை மட்டும் தெரியும்படி நடுவதுதான் வழக்கம். மறு அளவைக்குப் போனபோது அந்தக் கல் என் தொடை உயரத்துக்கு வெளியே நின்றது. யாரோ பிடுங்கி நட்டுவிட்டார்கள் என்றுதான் உடன் வந்தவர்கள் சொன்னார்கள். தோண்டிப் பார்த்தோம். அடிக்குப் போட்ட சரளை குலையாமல் அப்படியே இருந்தது. கல் ஏறவில்லை, நிலம்தான் இறங்கியிருந்தது. உள்ளே புகுந்த காற்று அந்த மண்ணை மக்க வைத்து, கரியமில வாயுவாக மேலே அனுப்பிவிட்டது. மழை அரித்துக்கொண்டு போயிருந்தால் கீழே எங்காவது படிந்திருக்க வேண்டும். எங்கும் படியவில்லை.

இதே கதை இங்கிலாந்தில் பெரிய அளவில் நடந்திருக்கிறது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அங்கே கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஃபென் என்று சொல்லப்படும் சதுப்புகள் உண்டு. எங்கள் மலைச் சதுப்பு போலவே நிலத்தடி நீரை உண்டு வாழ்பவை. 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே வடித்து விளைநிலமாக்கினார்கள். 1851-இல் விட்டில்சி என்ற ஏரியை நீராவிப் பம்பு வைத்து இறைத்தபோது, நிலம் எவ்வளவு இறங்கும் என்று பார்க்க ஹோம் ஃபென் என்ற இடத்தில் ஓர் இரும்புத் தூணைப் பீட் வழியாக அடியிலுள்ள களிமண் வரை இறக்கி, தலையைத் தரைமட்டத்தில் விட்டார்கள். இன்று அந்தத் தூண் சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. பிரிட்டனிலேயே தாழ்ந்த நிலப்பகுதி இப்போது அதுதான், கடல்மட்டத்துக்கும் கீழே. அங்கே கெட்டுப்போன நிலத்தை விலைக்கு வாங்கி மறுபடி நனைக்க, 2001-இல் கிரேட் ஃபென் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். எஞ்சிய இரண்டு சிறு சதுப்புகளை இணைத்து 3,700 ஹெக்டேர் என்பது அவர்கள் இலக்கு. ஏற்கெனவே வெட்டிய வாய்க்கால்களை அடைப்பதும் நீர்மட்டத்தை ஏற்றுவதும்தான் அங்கே முதல் வேலை.

உலக நிலப்பரப்பில் பீட் நிலம் 3 விழுக்காடுதான். அதில் அடங்கிய கரிமமோ உலகத்துக் காட்டு மரங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகம். பிரிட்டன், அயர்லாந்து பீட் நிலங்களின் அளவீடுகளை வைத்து 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்வது: வடித்த நிலத்தில் நீர்மட்டத்தை 10 சென்டிமீட்டர் ஏற்றினால் ஹெக்டேருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3 டன் கரியமில வாயுவுக்குச் சமமான வெளியேற்றம் குறையும், நீர்மட்டம் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் வரும் வரை இந்தக் கணக்குச் செல்லும். மறுபடி நனைத்த புதிதில், அதுவும் புவியைச் சூடாக்கும் வாயுவான மீத்தேன் கொஞ்சம் கிளம்பும் என்பதும் உண்மை. கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் நிற்கும். மீத்தேன் அவ்வளவு காலம் நிற்காது. மீத்தேனைக் காட்டி வாய்க்காலைத் திறந்தே வைக்கச் சொல்பவர்கள் இந்த வித்தியாசத்தை விட்டுவிடுகிறார்கள்.

பள்ளத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலும் வேலை நடக்காது. சதுப்புக்குச் சோறு போடுவது மேலே இருக்கும் சரிவு. அந்தச் சரிவில் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) அடைத்துக்கொண்டிருந்தால் ஊற்று வற்றும். இது பேச்சு வழக்கில் சொல்கிற விஷயம் இல்லை, அளந்து பார்த்தது. உதகையிலுள்ள மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி மையத்தார் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்து இரண்டு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றதில் கற்பூர மரம் நட்டு வருடக்கணக்கில் ஓடையை அளந்தார்கள். மரம் நட்ட பக்கத்தில் முதல் 10 ஆண்டுச் சுற்றில் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய பின் அடிமரத்திலிருந்து தழைத்த இரண்டாம் சுற்றில் இன்னும் அதிகமாகக் குறைந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இதே சீகை தென்னாப்பிரிக்காவையும் படாத பாடு படுத்தியது. அங்கே 1995-இல் அரசே ஒரு திட்டம் போட்டு, வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுத்து, தண்ணீருக்காகவே மரம் வெட்டச் சொன்னது. மரம் வெட்டுவது பாவம் என்று படித்து வளர்ந்த நமக்கு இது ஜீரணிக்கக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆழ்துளைக் கிணறும் இதே கணக்கில்தான் சேரும். மேட்டில் ராட்சதக் குழாய் இறக்கி உறிஞ்சிவிட்டுப் பள்ளத்தில் கரை கட்டி என்ன பயன்?

இனி மூடுகிற வேலை. என் பங்கு இதில்தான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வாய்க்காலின் தலையிலிருந்து வால் வரை முதலில் மட்டம் பார்க்க வேண்டும். வாட்டம், அதாவது சரிவு, 100-க்கு 2 என்று வைத்துக்கொள்வோம். ஓர் அடைப்புக்கும் அடுத்த அடைப்புக்கும் 20 சென்டிமீட்டருக்கு மேல் இறக்கம் இருக்கக் கூடாது என்றால் 10 மீட்டருக்கு ஓர் அடைப்பு. வாட்டம் கூடினால் இன்னும் நெருக்கமாக. கீழ் அடைப்பில் தேங்கும் நீர் மேல் அடைப்பின் காலைத் தொட வேண்டும். தொடாவிட்டால் நடுவில் வாய்க்கால் வறண்டே கிடக்கும், பக்கத்து மண் மக்கிக்கொண்டே போகும். ஒரே இடத்தில் உயரமாக ஒரு தடுப்பணை கட்டிவிட்டுக் கிளம்பினால் இந்தக் கணக்கு எதுவும் நடக்காது. அணைக்குப் பின்னால் ஒரு குளம் நிற்கும், அதற்கு மேலே பழைய வாய்க்கால் பழையபடி வடித்துக்கொண்டிருக்கும்.

அடைக்கும் பொருள் அந்த இடத்துப் பீட்டாகவே இருப்பது நல்லது. வாய்க்காலுக்குள் முளைத்த களையையும் காய்ந்து உதிரும் மேல்மண்ணையும் வழித்துவிட்டு, ஈரமான நார்மண்ணாகப் பார்த்து எடுத்து, மிதித்து மிதித்து அடைக்க வேண்டும். காய்ந்த பீட்டை வைத்து அடைத்தால் பிரயோஜனம் இல்லை. ஒரு தடவை நன்றாகக் காய்ந்த பீட் தண்ணீரை உள்ளே விடாது, ஊற்றினால் உருண்டு ஓடும். முட்டுக்கொடுக்கச் சரிவில் வெட்டிய சீகைக் கம்பே போதும், பட்டை உரித்துக் காயவைத்தது. அடைப்பின் தலை தரைக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும், வாய்க்காலின் இரு கரையையும் தாண்டி அகலமாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் நிரம்பிய நீர் பக்கவாட்டில் பரவிப் புல்லுக்குள் புகும். சிமென்ட் வேண்டவே வேண்டாம். பீட் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சிமென்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவில் விடுகிற இடுக்கில் தண்ணீர் புகுந்து, இரண்டு மழையில் பக்கவாட்டில் புது வாய்க்காலே வெட்டிவிடும்.

வேலை முடிந்ததும் துளையிட்ட பிவிசி குழாய்களை ஆங்காங்கே மண்ணில் இறக்கி வைக்கிறோம். மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றில் அளவுநாடாவைக் கட்டி, ஒரு நுனியை வாயில் வைத்து ஊதிக்கொண்டே மறு நுனியை உள்ளே இறக்குவேன். குபுகுபுவென்று சத்தம் வரும் இடம்தான் நீர்மட்டம். கெடாத சதுப்பில் பங்குனியிலும் அது தரையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கும். வடித்ததில் குழாய் முழுக்க இறக்கினாலும் சில மாதங்களில் சத்தமே வராது. இந்த வேலைக்கு 200 ரூபாய்க் குழாயும் ஊதத் தெரிந்த ஓர் ஆளும் போதும். ஆனாலும் எந்த மதிப்பீட்டிலும் இதற்கு ஒரு வரி நான் பார்த்ததில்லை.

நீரை எவ்வளவுக்கு ஏற்றலாம் என்பதிலும் நிதானம் வேண்டும். தரையோடு தரையாக நின்றால் கோரையும் புல்லும் வரும். அதற்கு மேல் முழங்கால் அளவு தேங்கினால் அது குட்டை. சதுப்புச் செடி அழுகும். காய்கறி போட்ட இடமென்றால் இன்னொரு வில்லங்கம் உண்டு. வருடக்கணக்கில் கொட்டிய உரத்தின் பாஸ்பரஸ், காற்றுள்ள மண்ணில் இரும்போடு ஒட்டிக் கிடக்கும். தண்ணீரைத் தேக்கிக் காற்றை விரட்டியதும் இரும்பு அதை விட்டுவிடும். தண்ணீர் பச்சைப் பசேலென்று பாசி பிடிக்கும், சம்பு அடைக்கும், எங்கள் பக்கத்தில் தோட்டத்திலிருந்து தப்பி வந்த வெள்ளை ஆரம் லில்லி மொய்த்துக்கொள்ளும். பூ அழகாக இருக்கிறதென்று சுற்றுலாக்காரர்கள் அதன் நடுவில் நின்று படம் எடுக்கிறார்கள்! ஜெர்மனி போன்ற நாடுகளில் இத்தகைய இடங்களில் உரம் ஏறிய மேல்மண்ணை மட்டும் 20 முதல் 40 சென்டிமீட்டர் வழித்தெடுத்துவிட்டுப் பிறகு நனைத்துப் பார்த்திருக்கிறார்கள், நல்ல பலன் கிடைத்திருக்கிறது. தோண்டுவதற்கு நியாயம் இருக்கும் ஒரே இடம் அதுதான். அதுவும் பழைய காய்கறிப் பாத்தியில், மண்ணைப் பரிசோதித்துவிட்டு, வழிக்க வேண்டிய அளவுக்கு மேல் ஓர் அங்குலம் போகாமல்.

தோட்டக்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் ஒரு வாய்க்காலும் மூடாது. விளிம்பில் கேரட் போட்டிருந்த ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "நீங்க அடைச்சுட்டுப் போயிடுவீங்க சார், தண்ணி ஏறி என் கேரட் அழுகினா யாரு குடுப்பா?" நியாயமான கேள்வி. அவருடைய பாத்தி ஓரத்து வாய்க்காலை விட்டுவிட்டு, அதற்கு மேலே இருப்பவற்றை மட்டும் அடைத்தோம். சதுப்பு முழுதும் நனையவில்லை, பாதிதான். அரசு நினைத்தால் அவருக்கு இழப்பீடோ மாற்று இடமோ கொடுத்து மீதியையும் நனைக்கலாம். நானும் அந்த இளைஞர்களும் நினைத்தால் முடியாது.

சரிவில் சீகையை வெட்டிய பிறகுதான் நிஜமான வேலை தொடங்குகிறது. அதன் விதை மண்ணுக்குள் 50 ஆண்டு வரை முளைக்கும் உயிரோடு கிடக்கும் என்கிறார்கள். வெயில் பட்ட மறுமழையில் கீரைப்பாத்தி போல் அடர்த்தியாக முளைக்கும். கையால் பிடுங்க வேண்டும், அடுத்த வருடமும் பிடுங்க வேண்டும், அதற்கடுத்த வருடமும். வெட்டியதோடு பில் பாஸாகிவிடுவதால் இந்தப் பிடுங்குகிற வேலைக்கு ஆளும் இருப்பதில்லை, பணமும் இருப்பதில்லை. பிடுங்கிய இடத்தில் பக்கத்துச் சரிவின் புல்லிலிருந்தே தூர் பிரித்து நாற்றங்காலில் வளர்த்து நட வேண்டும். வெளியிலிருந்து தீவனப் புல் விதை வாங்கித் தூவினால் ஒரு தொல்லையை விரட்டி இன்னொன்றைக் குடியேற்றியதாகிவிடும்.

சதுப்புக்குள் நடுவதற்கு அவசரப்பட வேண்டியதில்லை. தண்ணீர் சரியானால் கோரைகள் விளிம்பிலிருந்து தாமாகவே உள்ளே வரும். பூச்சி தின்னும் துரோசெராச் செடி, ஊசித் தலை போல் வெள்ளைப் பூ வைக்கும் எரியோகாலன் எல்லாம் பிறகு தலைகாட்டும். குளிர்காலத்தில் உள்ளான் பறவை வந்து இறங்கும். திரும்பி வராமல் போகக்கூடியவையும் உண்டு. தோடர்கள் தங்கள் கோயில்களுக்குக் கூரை வேய்வது எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி என்ற புல்லால். நீலகிரிச் சதுப்புகளை நம்பி வாழும் அரிய புல் அது. சதுப்பு குறையக் குறைய, கூரை மாற்றும் காலத்தில் அந்தப் புல்லைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியிருக்கிறது. பல்லுயிர் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதைவிட இந்த ஒரு புல் எத்தனை சதுப்பில் மிச்சமிருக்கிறது என்று தோடர் பெரியவர்களோடு நடந்து கணக்கெடுத்தால் எந்தச் சதுப்பை முதலில் காப்பது என்பது தானே தெரிந்துவிடும்.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும் பழைய சதுப்பு அப்படியே திரும்பாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பாவில் மறுபடி நனைத்த 320 ஃபென் நிலங்களை, பெரிதாகக் கெடாத 243 நிலங்களோடு ஒப்பிட்டு 2021-இல் ஓர் ஆய்வு வந்தது. பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் நனைத்த நிலங்கள் வேறு மாதிரியாகவே இருந்தன. உயரமான நாணல் வகைகள் ஓங்கியிருந்தன, நீர்மட்டம் அதிகமாக ஏறி இறங்கியது. ஒரு தடவை காய்ந்து இறுகிய பீட்டின் நுண்துளைகள் மறுபடி விரிவதில்லை. மழையில் சட்டென்று நிரம்பி, வெயிலில் சட்டென்று இறங்கும். அதற்காக மீட்பு வேலை வீண் என்று ஆகாது. கரியமில வாயு வெளியேறுவது குறைகிறது, நிலம் இறங்குவது நிற்கிறது, உள்ளானுக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் கையில் இருக்கும் பணத்தை முதலில் எங்கே செலவழிப்பது என்ற கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது: இன்னும் கெடாமல் இருக்கிற சதுப்பின் பக்கம் இயந்திரம் போகாமல் பார்த்துக்கொள்வதில். தங்கள் படத்தில் பொக்லைனுக்குப் பின்னால் தெரிந்த பகுதி கெடாத பகுதி மாதிரிதான் எனக்குப் பட்டது.

ஒரு திருத்தத்தையும் சேர்த்துவிடுகிறேன். சதுப்பு வெள்ளத்தைத் தடுக்கும் என்று நல்லெண்ணத்தோடு பலர் எழுதுகிறார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஏற்கெனவே நிரம்பி நிற்கும் சதுப்பு அந்த மழையை எங்கே வாங்கி வைக்கும்? அதன் கோரை ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்கும், மண்ணை வடிகட்டும், கசிவை அவசரமில்லாமல் ஓடைக்கு விடும். செய்கிற வேலைக்கு மதிப்புக் கொடுத்தால் போதும். செய்யாததையும் ஏற்றிச் சொன்னால், அடுத்த வெள்ளத்தில் "உங்கள் சதுப்பு என்ன கிழித்தது?" என்று கேட்பார்கள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் தோண்டுகிறார்கள்? செய்த வேலையை அளந்து பதியும் எம்-புக்கைப் புரட்டினால் விடை இருக்கும். மண்வேலைக்குக் கூலி கன மீட்டரில். வெட்டினால் நீளம், அகலம், ஆழம் அளந்து பில் போடலாம். முன்னும் பின்னும் படம் எடுக்கலாம். குளம் பளபளவென்று தெரியும், திறப்பு விழாவும் நடத்தலாம். வாய்க்காலை மூடினால் அளக்க என்ன இருக்கிறது? முன்பு புல், பின்பும் புல். மூன்று வருடம் கழித்துக் குழாயில் ஊதிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அந்த மூன்று வருடத்தில் அதிகாரி மாறியிருப்பார், நிதியாண்டு மாறியிருக்கும். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. படிவம் அப்படி. அதனால் படிவத்தைத்தான் மாற்ற வேண்டும். மலைச் சதுப்புக்கு மண்வேலை அளவில் பணம் கொடுக்காமல், கோடையில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பதற்குப் பணம் கொடுக்கட்டும்.

பதிவேட்டிலும் கோளாறு இருக்கிறது. ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று எழுதிவைக்கும் அ-பதிவேடுகளில், நான் பார்த்த வரை, சதுப்பு என்று ஒரு வகைப்பாடே இல்லை. ஓர் இடத்தில் ஓடை, ஓர் இடத்தில் மேய்க்கால், பல இடத்தில் தரிசு. தரிசு என்று எழுதிய நிலத்தை யாராவது பயன்படுத்த நினைத்தால் தப்புச் சொல்ல முடியுமா? இஸ்ரோ 2011-இல் வெளியிட்ட தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பு 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவற்றுக்கு எல்லை வரைந்தது; சிறியவை வெறும் புள்ளி. எங்கள் மலைச் சதுப்புகள் பல அந்த அளவை எட்டாதவை. 2022-இல் தொடங்கிய தமிழ்நாடு ஈரநில இயக்கம் 100 ஈரநிலங்களை இலக்காக வைத்தது. அந்த எண்ணிக்கையில் பெரிய ஏரிகளோடு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் மலைச் சதுப்புகள் போட்டி போட முடியாது. அவற்றைத் தனித்தனியாகப் பார்க்காமல், ஓர் ஓடையின் தலையிலிருந்து இறங்கும் சதுப்புகளையெல்லாம் சேர்த்து ஒரே ஈரநிலமாக எடுத்துக்கொள்ளலாம். எல்லை அளந்து கொடுக்க என்னைப் போல் ஓய்வில் இருக்கும் பழைய ஆட்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் சிலர் இருக்கிறோம்.

தங்கள் வழியாகக் கேட்டுக்கொள்வது மூன்று. நடந்துகொண்டிருக்கும் அந்த வேலையை, ஒரு மண்ணியலாளரோ நீரியலாளரோ வந்து துளைப்பான் இறக்கிப் பார்க்கும் வரை நிறுத்தி வைக்கட்டும். லாரியில் எடுத்த மண் எங்கே கொட்டப்பட்டது என்று தங்கள் செய்தியாளர் விசாரிக்கட்டும். கொட்டி அதிக நாள் ஆகாமல் ஈரம் குறையாமல் இருந்தால், வெட்டிய பள்ளத்தின் மேல்தலையை அடைக்க அதையே திருப்பிக் கொண்டுவரலாம், காய்ந்துவிட்டால் அதுவும் போச்சு. அந்தப் பணியின் மதிப்பீட்டை வெளியிடச் சொல்லுங்கள். அதில் 'சதுப்பின் ஆழம்' என்ற தலைப்பில் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று மட்டும் இருக்கிறதா, எவ்வளவு பீட் இருக்கிறது என்று யாராவது அளந்தும் எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க ஆசை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் இது நடந்தாக வேண்டும். வெட்டிய கரை முதல் மழையில் சரிந்தால் பிறகு ஓடைக்குக் கீழே உள்ள ஊர்களின் குடிநீர்த் தொட்டியில்தான் அந்தக் கறுப்பு மண்ணைத் தேட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
நீலகிரி மாவட்டம்